முள்ளங்கி வதம்

வாழி! வாழி! முந்நூற்றுப் பன்னிரண்டு பயனர் கணக்குகளின் காவல் தெய்வமே வாழி! மறந்தோர்க்கு மருந்தே, பூட்டுண்டோர்க்குத் திறவுகோலே, 'ஒருதரம் அணைச்சிட்டுப் போடுங்க' என்னும் ஒற்றை மந்திரத்தால் நான்கு மாடிகளைக் கட்டிக் காத்த நாயகியே வாழி! குடை செய்து குவலயமெங்கும் அனுப்பும் அந்நிறுவனத்தில், முதலாளி முதல் வாயிற்காவலர் வரை வயது வேறுபாடின்றி 'சிஸ்டம் அக்கா' என்றழைத்த அவ்வீரத்திருமகளின் புகழைப் பாடப் புகுமுன், முதல் வணக்கம் மின்சாரத்துக்கே ஆகுக. தாயே, இக்கதை முடியும்வரையிலேனும் போய்விடாதே. சேமிக்கப்படாத கோப்புகள் பல உன்னை நம்பித் திறந்து கிடக்கின்றன.

நாயகியின் அரியணை இரண்டாம் மாடியில், எட்டடிக்கு ஆறடியில், சன்னல் இல்லாத ஓர் அறையில் இருந்தது. அங்கே தாய்க்கணினியாம் சர்வருக்கு வியர்த்துவிடக் கூடாதென்று பகலெல்லாம் குளிர்காற்று சீறிக்கொண்டிருக்க, கணவனின் பழைய கம்பளிச் சட்டையைக் கவசமாகப் பூண்டு, கழுத்தில் சாவிக்கொத்தை மாலையாகத் தரித்து, இடுப்பில் திருப்புளி ஒன்றை உடைவாளாகச் செருகி அவள் வீற்றிருப்பாள். புதிதாய் வேலைக்கு வந்தவருக்குக் கணக்கைப் பிறப்பிப்பவள் அவளே. ராஜினாமா செய்தவரின் கணக்கை இமை கொட்டாமல் முடிப்பவளும் அவளே. எவர் எந்தக் கோப்புறையைத் திறக்கலாம், எவர் வெளியே நின்று ஏங்கலாம் என விதிப்பதும், விடுப்புக் கேட்பதற்கும் கூட்ட அறை பிடிப்பதற்கும் ஊழியர்க்கெல்லாம் ஒரே வாசலாக விளங்கிய இன்ட்ராநெட்டை ஓடவைப்பதும் அவள் கைவேலை. அது ஓடும் நாளில் ஒருவரும் அவளை நினைப்பதில்லை. நின்ற நாளில் முந்நூற்றுப் பன்னிரண்டு பேரும் ஒரே குரலில் நினைப்பார்கள்.

அத்தகையாள் வாழ்வில் ஒரு திங்கட்கிழமை புலர்ந்தது.

தலைமை அலுவலகத்திலிருந்து ஓலை வந்திருந்தது. அனைவரும் கடவுச்சொல்லை மாற்றியாக வேண்டும். பன்னிரண்டு எழுத்துக்குக் குறையக் கூடாது. எண் ஒன்றும் குறியீடு ஒன்றும் கலந்திருக்க வேண்டும். விலக்கு எவருக்கும் இல்லை. அதைக் கேட்டு மண்டபம் முழுவதும், மேகம் கண்ட கடல்போலப் பொருமியது. நாயகி நாற்காலி மீதேறி நின்று, மாடிப்படி வரை கேட்கும்படி முழங்கினாள்:

"பாஸ்வேர்டை யார்கிட்டயும் சொல்லாதீங்க. வீட்டுல சொல்லாதீங்க, பக்கத்து சீட்டுல சொல்லாதீங்க. ஏன், நானே வந்து கேட்டாலும் என்கிட்டகூடச் சொல்லாதீங்க!"

கூடியிருந்தோரில் பலர் அதைக் காதில் வாங்கினர். சிலர் கைபேசியைப் பார்த்தனர். ஒருவர் மட்டும் நெஞ்சில் வாங்கினார். அவர்தாம் ஸ்டோர் ஐயா.

கம்பிக் கட்டுகளும் கைப்பிடிக் குவியல்களும் துணிச் சுருள்களும் மலைமலையாய் அடுக்கப்பட்ட தரைத்தளக் கிடங்கை முப்பதாண்டுகளாகக் கட்டியாண்ட கோமான் அவர். குடைக்கம்பி ஒன்று கீழே விழுந்தால் அது எட்டுக்கம்பிக் குடையினதா பத்துக்கம்பிக் குடையினதா என்று ஓசையை வைத்தே உரைக்கும் செவியர். முப்பதாண்டில் ஒரு மெமோகூட வாங்காதவர் என்பது அவர் சூடிய மணிமுடி. ஆனால் அப்பெருந்தகையிடம் விசைப்பலகைப் போருக்கென்று இருந்த படை ஒன்றே ஒன்று. அது அவரது வலக்கைச் சுட்டுவிரல். அந்த விரலும் ஒவ்வோர் எழுத்துக்கும் முன்னே ஆகாயத்தில் வட்டமிட்டு, இரை தேடும் பருந்தென நோட்டமிட்டு, உறுதி செய்துகொண்ட பிறகே இறங்கும்.

அன்னாரின் ஒரே மகள் வெளியூரில் மருத்துவமனையில் சேர்ந்திருந்தாள். மறுநாள் காலைக்குள் குழந்தை பிறந்துவிடும் என்று மருத்துவர் கூறியிருந்தார். மனைவி முன்பே போய்விட்டார். ஐயாவுக்கு மாலை ஐந்தரைக்கு ரயில். இடையே நின்றது ஒரே ஒரு கோட்டை வாசல்: விடுப்பு விண்ணப்பம். அவ்வாசலின் காவலர், 'ரூல்ஸ்' என்று முதுகுக்குப் பின்னால் மட்டுமே அழைக்கப்பட்ட மனிதவள மேலாளர். மாதம் பிறந்த அன்றே அவர் ஆணை பிறப்பித்திருந்தார்: இனிக் காகித விடுப்பு செல்லாது, இன்ட்ராநெட்டில், அவரவர் கணக்கில், அவரவரே, மாலை நான்கு மணிக்குள் பதிய வேண்டும், பதியாமல் போனவர்க்கு மெமோ.

ஐயா காலையிலேயே கடமையுணர்வோடு கடவுச்சொல்லை மாற்றினார். பன்னிரண்டுக்குக் குறையக் கூடாது என்றதால் இருபத்தாறு எழுத்து வைத்தார். சாப்பிட்டுவிட்டு வந்து அந்த இருபத்தாறையும் விரல் ஒன்றால் இறக்கி முடித்தபோது, திரை கல்நெஞ்சத்தோடு கூறியது: உங்கள் கணக்கு பூட்டப்பட்டுள்ளது.

மூட்டு வலியோடு இரண்டு மாடி ஏறி அவர் நாயகியின் சன்னிதியை அடைந்தபோது மணி ஒன்று நாற்பது.

"அம்மா, என்னைய வெளிய தள்ளிக் கதவைச் சாத்திருச்சும்மா."

"தப்பா அடிச்சிருப்பீங்க ஐயா. அஞ்சு தடவை தப்பானா பூட்டிக்கும். இருங்க, ஒரு நிமிஷம்."

ஒரு சொடுக்கு. பூட்டு நொறுங்கியது. இதைப் போல் ஆயிரம் பூட்டுகளை அவள் காலைத் தேநீருக்கு முன்னரே நொறுக்கியிருக்கிறாள். ஐயா வாழ்த்திவிட்டு இறங்கிப் போனார். பத்து நிமிடத்தில் உள்தொலைபேசி அலறியது. மறுபடி பூட்டு. மறுபடி நொறுக்கினாள். மறுபடி பூட்டு.

அப்போது தொடங்கியது அந்தத் தொலைபேசிப் போர். மேலே அவள் சுட்டெலியைப் பற்றி நிற்க, கீழே ஐயா சுட்டுவிரலை உயர்த்தி நிற்க, ஒலிவாங்கி வழியே போர்முரசு அதிர்ந்தது.

"திறந்துட்டேன், இப்ப அடிங்க ஐயா! சீக்கிரம்!"

"அடிக்கிறேம்மா... நாலு... அஞ்சு... அந்தச் சுழிச்ச குறி எங்க இருக்கு?"

"எண் ரெண்டுக்கு மேல! ஷிஃப்ட்டை அமுக்கிட்டு!"

"அமுக்கிட்டேன்... பதினெட்டு... பத்தொன்பது..."

இருபத்து மூன்றாம் எழுத்தில் விரல் வட்டமிட்டுக்கொண்டிருந்தபோதே, எங்கிருந்தோ கண்காணாக் கரமொன்று கதவை மீண்டும் அறைந்து சாத்தியது. ஐயா ஒரு பிழையும் செய்யவில்லை. இன்னும் முடிக்கவே இல்லை. ஆகவே ஐந்து தடவை தவறாய்த் தட்டியது வேறு எவரோ!

"ஐயா, பேசாம பாஸ்வேர்டை என்கிட்டச் சொல்லுங்க. நான் அடிச்சு லீவைப் போட்டுடறேன்."

மறுமுனையில் நாற்காலி கிரீச்சிட்டது. பிறகு, சிரம் போயினும் சொல் போகாச் செம்மலின் குரல் வந்தது. "நீங்கதானேம்மா காலையில சொன்னீங்க, நானே கேட்டாலும் சொல்லாதீங்கன்னு?"

தான் தீட்டிய வாள் தன் கழுத்துக்கே வந்ததைக் கண்டு நாயகி தொலைபேசியை வைத்தாள். பின்னர்ப் பல்லைக் கடித்துக்கொண்டு சர்வரின் பதிவேட்டைத் திறந்தாள். நிறுவனத்தில் எந்தக் கணினி எந்நேரத்தில் எந்தக் கதவைத் தட்டியதென்று வரிக்கு வரி எழுதிவைக்கும் உறங்காக் கண்ணாம் அப்பதிவேடு, அவள் கேட்டதும் எதிரியின் பெயரை ஒளிக்காமல் உரைத்தது.

முள்ளங்கி.

அறிக: நாயகிக்கு முன் அவ்வரியணையில் இருந்தவர் தோட்டப் பிரியர். கணினிகளுக்கெல்லாம் காய்கறிப் பெயர் சூட்டி மகிழ்ந்தவர். எது எங்கே இருக்கிறதென்ற பட்டியலை மட்டும் எழுதாமல் ஓய்வு பெற்றவர். வரவேற்பறைக் கணினி வெண்டை. கூட்ட அறையில் இருப்பது புடலை. முதலாளியுடையது பூசணி; அதை அவரிடம் சொல்லும் துணிவு எவருக்கும் வந்ததில்லை. ஆண்டுக்கணக்கில் அலைந்து எல்லாக் காயையும் அவள் அடையாளம் கண்டுவிட்டாள், முள்ளங்கி ஒன்றைத் தவிர. அது என்றோ மாண்டு பழைய இரும்பாய்ப் போயிருக்கும் என்றே எண்ணியிருந்தாள். ஐயத்தோடு அவள் வலைப்பின்னலில் ஒரு குரல் கொடுத்தாள்: முள்ளங்கி, இருக்கிறாயா?

ஒரு கணத்தின் ஆயிரத்தில் ஒரு கூறில் பதில் வந்தது: இருக்கிறேன்.

அவள் உச்சந்தலை சிலிர்த்தது. உடனே அணைந்து போ என்று கட்டளை விடுத்தாள். 'அனுமதி மறுக்கப்பட்டது' என்று முள்ளங்கி திமிராய் மறுமொழி பகர்ந்தது. என் ஆட்சியில், என் கட்டடத்தில், எனக்கே அனுமதி மறுப்பா! கண் சிவந்தது, நாசி விடைத்தது, கம்பளிச் சட்டையின் கைகள் முழங்கை வரை ஏறின. ஏணி ஒன்றைத் தோளில் ஏந்தி, யானைப்படை வருவது போன்ற ஓசையோடு தாழ்வாரத்தில் புறப்பட்டாள். மணி இரண்டு ஐம்பது.

கேபிள்கள் எல்லாம் வந்து கூடும் இரும்பலமாரியை முதலில் திறந்தாள். நீலப் பாம்புகள் நூறு பின்னிக் கிடந்த அப்புற்றுக்குள் கைவிட்டு, முள்ளங்கியின் மூச்சு பத்தொன்பதாம் துளை வழியே வருவதைக் கண்டுபிடித்தாள். பற்றினாள். பிடுங்கினாள். வென்றேன் என்று அவள் நிமிர்ந்த அக்கணமே, மனிதவள அறையிலிருந்து அறுபட்ட வீணைபோல் ஓர் அலறல் எழுந்தது.

"நெட் போச்சு! ஐயோ, ரெண்டு மணி நேரமா அடிச்ச ஷீட்டு போச்சு!"

ரூல்ஸ் கதவைத் திறந்துகொண்டு வெளியே பாய்ந்தார். பத்தொன்பதாம் துளையின் கேபிள் அவர் அறைக்குள் சென்று ஒரு சிறு பெட்டியில் இரண்டாகப் பிரிந்து, ஒரு கிளையில் அவரும் மறு கிளையில் மாயாவியும் தொங்கிக்கொண்டிருந்தார்கள். எதிரியை இங்கே வெட்டினால் அவரும் விழுவார்; கிளையை மட்டும் அறுத்தாலோ, மறுமுனையில் இன்னும் எவரெவர் தொங்குகிறாரோ யாரறிவார். விண்ணப்பங்கள் வந்து சேரும் பெட்டியோ அவர் கணினியில்! வேறு வழியின்றி நாயகி கேபிளைத் திரும்பச் செருகினாள்.

"என்ன சிஸ்டம், சொல்லாம கொள்ளாம பிடுங்குறீங்க? இதுக்கு ஒரு முறை இல்லையா?"

"சார், ஸ்டோர் ஐயா பேருல எந்த மெஷினோ உள்ள வரப் பார்க்குது. அதைத்தான் தேடறேன். அவர் லீவு போடணும், நாலு மணிக்குள்ள. பொண்ணுக்குப் பிரசவம். நீங்க கையால வாங்கிக்க மாட்டீங்களா?"

ரூல்ஸ் ஒரு கணம் தளர்ந்தார். அவருக்கும் மகள் உண்டு. ஆயினும் தாமே பிறப்பித்த ஆணையின் கீழ்த் தாமே கையெழுத்திட்டிருந்த காரணத்தால் மீண்டும் விறைத்தார். "ஒருத்தருக்கு வாங்கினா எல்லாருக்கும் வாங்கணும். இன்னும் ஒரு மணி நேரம் இருக்கே, தேடுங்க. வேணும்னா ஏணியை நான் பிடிச்சுக்கறேன்."

இவ்வாறு பகையும் நட்பும் அல்லாத படைத்துணை ஒன்று வாய்க்க, நாயகி ஏணியேறிக் கூரைப் பலகையை விலக்கி, இருளும் ஒட்டடையும் எலிப்புழுக்கையும் ஆட்சி புரிந்த மேலுலகில் தலையை நுழைத்தாள். மாயாவியின் கிளைக் கேபிள் அங்கே ஓடி, சுவரைத் துளைத்து, அடுத்த அறைக்குள் இறங்கியது. அடுத்த அறையோ கூட்ட அறை. அங்கே முதலாளி தலைமையில், வரும் மழைக்காலத்துக் குடைக்கு வளைந்த கைப்பிடியா நேர்க் கைப்பிடியா என்ற மாபெரும் விவாதம் மூன்றாம் மணி நேரமாக நடந்துகொண்டிருந்தது.

கதவைத் தட்டினாள். எவரும் கேட்கவில்லை. குனிந்தாள்; மண்டியிட்டாள்; ஒட்டடை முடிசூடிய சிரத்தோடு மேசைக்கடியில் புகுந்தாள். பதினொரு இணைக் காலணிகள் தூண்களென நின்ற அக்காட்டில், ஒருவர் கால் மேல் கால் போட, ஒருவர் காலுறைக்குள் விரலை விட்டுச் சொறிய, நீலக் கேபிளை ஒரு கையால் தடவியபடியே அவள் ஊர்ந்தாள். காட்டின் நடுவே அவள் கைபேசி இரைந்தது. அவளது நாத்தனார்.

"அண்ணி, வீட்டுல வைஃபை வரல."

"அணைச்சிட்டுப் போடு," என்று கிசுகிசுத்து அவள் துண்டித்தாள். அதற்குள் விவாதம் நின்றுவிட்டது. மேசை விளிம்புக்குக் கீழே பதினொரு முகங்கள் தலைகீழாய்த் தோன்றின. அவற்றுள் நடுநாயகமாய் விளங்கியது முதலாளியின் முகம்.

"என்னம்மா தேடுறீங்க?"

"முள்ளங்கி சார்."

பதினொரு புருவ இணைகளும் ஒருசேர உயர்ந்தன.

"கேன்டீன் கீழல்ல இருக்கு?" என்றார் முதலாளி, மெய்யான அக்கறையோடு.

விளக்க நேரமில்லை. அறைக்கோடியில் கேபிள் ஒரு குழாய்க்குள் புகுந்து நேராகக் கீழே பாய்வதை அவள் கண்டுவிட்டாள். முதல் மாடியிலும் நிற்காமல் அது இன்னும் கீழே, இன்னும் ஆழத்துக்கு இறங்கிற்று. ஏணியை ரூல்ஸிடமே விட்டுவிட்டு, நாற்பத்து நான்கு படிகளை நாலு நாலாய்த் தாவி, மலையருவி விழுவதுபோல் அவள் தரைத்தளத்தில் வந்து விழுந்தபோது மணி மூன்று முப்பத்தெட்டு. குழாய் கிடங்குச் சுவரில் முடிந்தது. சுவரிலிருந்து கேபிள் கம்பிக் கட்டுகளுக்குப் பின்னால் ஒளிந்து, துணிச் சுருள்களுக்கு ஊடே நெளிந்து, கைப்பிடி மூட்டைகளைச் சுற்றி வளைந்து போயிற்று. முழங்காலும் முழங்கையும் புழுதியாக அதைப் பற்றிக்கொண்டே ஊர்ந்த நாயகியின் நெற்றி, கடைசியில் ஒரு மேசைக்காலில் போய் முட்டியது.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். மேலே, நாற்காலியில், கையில் ரயில் டிக்கெட்டோடும் கண்ணில் கலக்கத்தோடும் ஸ்டோர் ஐயா அமர்ந்திருந்தார். மேசைக்கடியில் இரண்டு கால்களையும் சாம்பல் நிறப் பெட்டி ஒன்றின் மேல் வாகாய் நீட்டி வைத்திருந்தார். அப்பெட்டியின் முதுகில்தான் நீலக் கேபிள் போய் முடிந்தது.

"ஐயா... காலுக்கு அடியில என்ன அது?"

"இதுவாம்மா? கால்பலகை."

"கால்பலகையா?"

"அஞ்சு வருஷம் முன்ன, நீங்க வர்றதுக்கு முந்தி, புதுக் கம்ப்யூட்டர் கொண்டுவந்து வச்சப்ப பழசை எடுத்துட்டுப் போகல. டிவியை மட்டும் எடுத்துட்டுப் போயிட்டாங்க. சரி, கிடக்கட்டும்னு காலை வச்சேன். என்னவோ கதகதன்னு இருந்துச்சு. என் மூட்டுக்கு நல்லா இருக்கும்மா."

"ஐயா, அது ஓடிக்கிட்டு இருக்கு."

"ஓடுதா?" ஐயா சட்டென்று காலைத் தூக்கிக்கொண்டார். "அஞ்சு வருஷமாவா?"

புழுதியைத் துடைத்தாள். தோட்டப் பிரியரின் கையெழுத்தில் மங்கிய சீட்டொன்று தெரிந்தது: முள்ளங்கி. அந்தோ! மாயாவி என்றும் வஞ்சகன் என்றும் அவள் எண்ணித் துரத்தி வந்தது, திரையும் விசைப்பலகையும் பறிக்கப்பட்டு, குருடாய் ஊமையாய், ஒருவர் பாதத்தைத் தலையில் தாங்கிக்கொண்டு, தான் நீக்கப்பட்டதே தெரியாமல் பணிபுரிந்துகொண்டிருந்த பழைய ஊழியன். ஐயாவின் கணக்கில் அன்றொரு நாள் உள்ளே வந்தது. வெளியேறச் சொல்ல ஆளில்லை. ஐந்தாண்டாக ஒவ்வொரு நிமிடமும் சர்வரின் கதவைத் தட்டி ஐயாவின் கடவுச்சொல்லைக் கூறிவந்தது. அந்தச் சொல் இத்தனை நாளும் மாறாததால் கதவும் திறந்துவந்தது. இன்று சொல் மாறியதை அதற்கு எவரும் கூறவில்லை. பழையதையே திரும்பத் திரும்பச் சொல்லித் தட்டிற்று. ஐந்து தடவை தவறானதும் சர்வர் பூட்டிற்று.

"பழைய பாஸ்வேர்டு என்ன ஐயா? அதைச் சொல்லலாம், அது செத்துப்போச்சு."

ஐயா கூச்சத்தோடு தலையைச் சொறிந்தார். "குட்டிம்மா. என் பொண்ணைச் சின்னதுல அப்படித்தான் கூப்பிடுவேன்."

காலையிலிருந்து அப்பெட்டி கதவைத் தட்டித் தட்டி அழைத்துக்கொண்டிருந்தது அந்தப் பெயரைத்தான். நாயகி, பெட்டியைப் பிளக்க உருவியிருந்த திருப்புளியை உறைக்குள் இட்டாள். "போதும்ப்பா, தூங்கு," என்று பெட்டியிடமே சொல்லி, அதன் நெற்றிப் பொத்தானை நான்கு வினாடி அழுத்திப் பிடித்தாள். விசிறி ஒருமுறை இருமியது. பிறகு, கிடங்கில் ஐந்தாண்டாக ஒருவரும் கவனித்திராத ஓர் இரைச்சல் நின்றது. முள்ளங்கி சாய்ந்தது.

ஆயினும் களம் ஓயவில்லை. மணி மூன்று நாற்பத்தெட்டு. நாயகி மேலே தன் அறைக்கு ஓடி, பூட்டைக் கடைசி முறையாக நொறுக்கி, மீண்டும் கீழே ஓடி வந்தாள். பின்னாலேயே ஏணியோடு ரூல்ஸ் வந்தார். முள்ளங்கி கிடைத்ததா என்று அறியும் ஆவலில் முதலாளியும், அவரைத் தொடர்ந்து கைப்பிடி விவாதக் குழுவினர் பதின்மரும் வந்தனர். ஐயா விரலை உயர்த்தினார், சுற்றும் முற்றும் பார்த்தார், விரலை மடக்கிக்கொண்டார்.

"எல்லாரும் பார்க்குறாங்களேம்மா."

"திரும்புங்க! எல்லாரும் அந்தப் பக்கம் திரும்புங்க!" என்று நாயகி ஆர்ப்பரித்தாள். முதலாளி முதல் ஏணி ஏந்திய ரூல்ஸ் வரை அத்தனை பேரும் ஒருசேர முதுகு காட்டி நின்றனர். அவளும் திரும்பி நின்றாள். அக்கிடங்கில், வேலியிட்டாற்போல் நின்ற முதுகுகளுக்கு நடுவே, டக் என்று ஓர் எழுத்து விழுந்தது. நெடும் இடைவெளி. டக். முதலாளி மூச்சுவிட மறந்தார். டக். ரூல்ஸ் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பார்க்காதது போல் கையை இறக்கிக்கொண்டார். டக். நாயகி விரல்விட்டு எண்ணினாள். இருபத்தைந்து. இருபத்தாறு. பிறகு ஒரு பெரிய டக்.

"நல்வரவுன்னு போட்டிருக்கும்மா!"

திரும்பிப் பாய்ந்தாள். விடுப்புப் பக்கத்தைத் திறந்தாள். காரணம் என்ற கட்டத்தில் காய்ச்சல் இருந்தது, திருமணம் இருந்தது, இறப்பு இருந்தது, பிறப்பு இல்லை. 'மற்றவை' என்று தேர்ந்தால், இருபது எழுத்துக்குக் குறையாமல் விளக்கம் கேட்டது. "யார் இதை இப்படிப் பண்ணி வச்சது?" என்று ரூல்ஸ் சீறினார். "நீங்கதான் கேட்டீங்க சார், நான் பண்ணினேன்," என்று கூறியபடியே அவள் பத்து விரலும் மின்னலாய்ப் பாய, 'என் குட்டிம்மாவுக்குக் குழந்தை பிறக்கப் போகிறது' என்று அடித்து, ஐயாவின் சுட்டுவிரலைப் பிடித்து அனுப்பு என்னும் பொத்தானின் மேல் வைத்தாள். அவரவரே பதிய வேண்டும் என்பதல்லவா விதி?

"மூணு அம்பத்தெட்டு," என்று ரூல்ஸ் தீர்ப்புரைத்தார். "செல்லும். ஐயா, கிளம்புங்க. நான் மேல போய் உடனே ஓகே பண்றேன்." பின்னர்க் குரலைத் தாழ்த்தி நாயகியிடம், "என் பாஸ்வேர்டை நான் இன்னும் மாத்தல. அது ஒண்ணும் பிரச்சினை இல்லையே?" என்றார்.

ஐயா ஓடினார். மூட்டு வலியையும் மறந்து, ஒரு கையில் பையும் மறு கையில் நிறுவனத்தின் புத்தம்புதுக் குடையுமாக அவர் வாயிற்கதவைக் கடந்ததை அனைவரும் சன்னல் வழியே கண்டு களித்தனர். மறுநாள் காலை ஒன்பது மணிக்கு நாயகியின் கைபேசியில் ஒரு படம் வந்தது: துணிச்சுருளுக்குள் மூடிய கண்களும் மடங்கிய முஷ்டியுமாய் ஒரு பெண் குழந்தை; கீழே, நிச்சயம் ஒற்றை விரலால் அடிக்கப்பட்ட 'ந ன்றி ம்மா'.

அன்றே முள்ளங்கியின் பூதவுடல் தாழ்வாரம் வழியே ஊர்வலமாய் மேலே கொண்டுசெல்லப்பட்டது. இருமருங்கிலும் ஊழியர் எழுந்து நிற்க, முதலாளி தம் திருக்கரத்தால் கதவைத் திறந்து பிடிக்க, ஒட்டடை படிந்த கம்பளிக் கவசமும் ஒளி படர்ந்த முகமுமாய் முன்னே நடந்தாள் முந்நூற்றுப் பன்னிரண்டு கணக்குகளின் காவலி, பூட்டறுத்த புனிதவதி, மேசைக்கானகத்தில் ஊர்ந்த பெண்புலி, முதுகு காட்டாப் பெருமக்களை முதுகு காட்ட வைத்த வீரி. அவள் புகழ் கேபிள் உள்ள அளவும், கேபிள் இல்லாத இடத்தில் வைஃபை உள்ள அளவும் ஓங்குக, ஓங்குக என்று நான்கு மாடியும் எதிரொலிக்க, அப்பெருங்காதை இவ்வாறு நிறைவுற்றது.

ஒரு வாரம் கழித்து வந்த ஐயாவுக்குக் காலை வைத்துக்கொள்ள ஓர் அட்டைப்பெட்டி கொடுத்தார்கள்.